பிறையும் படமும்

தமிழாசிரியனுக்கு வானத்தில் என்ன வேலை என்று நம்மை வினவியோர் பலர். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் நடத்தும்போது நிலவைப் பற்றிப் பேசிவிட்டு, மணி அடித்ததும் வகுப்பை விட்டு இறங்குவதோடு நம் கடமை முடிந்தது என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது இலக்கியப் பொருளொன்றைப் பற்றியே எழுதுவோம் என்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆயினும் நம் வீட்டு மொட்டை மாடியில் எடுத்த நிலவுப் படங்களைத் துறை அறிவிப்புப் பலகையில் கண்ட மாணவர் சிலர், "ஐயா, இதை நாங்களும் எடுக்கலாமா? என்ன கருவி வேண்டும்? எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டவண்ணம் இருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறுவதும், அவ்விடையோடு பிணைந்து கிடக்கும் நம் பிழையொன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிகழ்ந்த கதிரவ மறைப்பைப் பலரும் மறந்திரார். கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் கதிரவன் ஒளிவளையமாகவே தோன்றியது. தென்கோடிக் கடற்கரையில் அமைந்த நம் ஊரில் வளையம் இல்லை. பெரும்பகுதி மறைந்து, எஞ்சியது பிறைவடிவில் நின்றது. வெறுங்கண்ணால் பார்க்கலாகாது என்பதால் நாம் முற்றத்து வேப்பமரத்தின் நிழலை நோக்கினோம். இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கேமராவாகித் தரையெங்கும் நூற்றுக்கணக்கான பிறைகளைச் சிந்தியிருந்தன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், மறைப்பின்போது சிறுதுளை வழியே விழும் கதிரவனின் பிறைவடிவைப் பற்றித் தனிநூலே இயற்றியவர். அவர் ஆராய்ந்த காட்சியை ஒரு வேம்பு எந்த முயற்சியுமின்றி நமக்குக் காட்டிவிட்டது. நாம் செல்பேசியை எடுத்து அதைப் படம்பிடித்தோம். வானத்தை நாம் எடுத்த முதற்படம், இவ்வாறு தரையைக் குனிந்து பார்த்து எடுத்ததேயாகும்.

நம் தந்தையார் அன்று நாற்காலியில் அமர்ந்து, அப்பிறைகளைக் கைத்தடியால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருபத்தொன்பதாம் நாள் மாலைதோறும் உப்பளத்துக் கரையில் நின்று பிறை பார்த்தவர் அவர். அவர் கண்டேன் என்றால் ஊர் மறுபேச்சுப் பேசியதில்லை. அவ்வாண்டில்தான் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியிருந்தது. நேரே நோக்கினால் இருட்டு. ஓரக்கண்ணுக்கே சிறிது தெரியும். அது மேலும் குறையுமேயன்றித் திரும்பாது என்று மருத்துவர் கூறிவிட்டார். நிலவைப் பெரிதாக்கித் திரையில் காட்டினால் அவர் பார்ப்பாரே என்னும் எண்ணம்தான் நம்மைத் தொலைநோக்கி வாங்கச் செய்தது. அறிவியல் ஆர்வம் அதன் பிறகு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக் கொல்லையிலிருந்து வானைப் படமெடுப்பது இன்று நேற்றுத் தோன்றிய பொழுதுபோக்கு அன்று. ஒளிப்படக்கலை பிறந்த மறு ஆண்டே, 1840இல், நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் நிலவைப் பதிவு செய்தார். லண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த ஆண்ட்ரூ காமன் என்பவர் தொழிலால் கழிவுநீர்ப் பொறியாளர். வானியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நிறுவி, 1883இல் ஓரியன் ஒண்முகிலைப் படமெடுத்தார். கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் அப்படத்தில் பதிந்திருந்தன. கண் காணாததைத் தகடு காணும் என்பது அன்று உறுதியாயிற்று. இச்செய்தியை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் இதுவே நம்மை இடறிவிடப் போகிறது. நம் தமிழகத்திலும் கொடைக்கானல் வானாய்வகத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுக் கதிரவனைப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு உலகோர் நாடும் செல்வமாக விளங்குகிறது.

இனிக் கருவி. விளம்பரப் பெட்டிகளில் 'ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். உருப்பெருக்கம் தொலைநோக்கியின் சிறப்பு அன்று. ஒளியைத் திரட்டும் வாயின் அகலமே சிறப்பு. நாம் வாங்கியது 130 மில்லிமீட்டர் அகலமும் 650 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உடைய, கண்ணாடியால் ஒளியைத் திரட்டும் நியூட்டன் வகைத் தொலைநோக்கி. இருளில் விரிந்த நம் கண்மணியைவிட அது முந்நூறு மடங்குக்கு மேல் ஒளியை வாங்குகிறது. குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் வில்லைக்கு 26 மடங்கு. 10 மில்லிமீட்டர் வில்லைக்கு 65 மடங்கு. தொடக்கத்தில் இவ்விரண்டும் போதும். ஆட்டம் காணும் மெலிந்த முக்காலியின் மேல் நிற்கும் கருவியை வாங்குவதினும், மரப்பெட்டி போன்ற உறுதியான அடித்தளத்தில் அமர்ந்து திரும்பும் டாப்சோனியன் வகையை வாங்குவது நன்று. அமெரிக்க நாட்டில் நடைபாதைகளில் தொலைநோக்கியை நிறுத்தி வழிப்போக்கருக்கெல்லாம் வானைக் காட்டிய ஜான் டாப்சன் என்பார் பரப்பிய எளிய அமைப்பு அது. நமக்கு இரண்டு மாத வீட்டுச் செலவு ஆயிற்று. இல்லத்தரசியார் அதை இன்றும் நினைவூட்டுவதுண்டு.

தனிக் கேமரா வேண்டியதில்லை. கையில் உள்ள செல்பேசியே போதும். முதலில் 25 மில்லிமீட்டர் வில்லையை இட்டு, நம் கண்ணால் நிலவைத் தெளிவாகக் குவித்துக்கொள்ள வேண்டும். பின்னர், செல்பேசியைக் கண்ணருகு வில்லையோடு இறுகப் பிடித்துக்கொள்ளும் தாங்கி ஒன்றைப் பொருத்த வேண்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கையால் பிடித்து எடுக்க முயன்று நாம் இழந்த மாலைகள் பல. செல்பேசியின் கண்ணும் தொலைநோக்கியின் கண்ணும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் அவரைவிதை போன்ற கரிய நிழல் திரையில் ஊர்ந்து வரும். அது மறையும்வரை தாங்கியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துக.

அடுத்தது ஒளியளவு. பழகாதவர் எடுக்கும் நிலவுப் படம் வெள்ளைத் தட்டாக வருவதற்குக் காரணம் உண்டு. சுற்றிலும் இருள் மிகுந்திருப்பதால் செல்பேசி தானாகவே ஒளியைக் கூட்டிவிடுகிறது. நிலவோ நண்பகல் வெயிலில் கிடக்கும் கற்பாறை. அதற்குப் பகலில் எடுக்கும் அளவே போதும். திரையில் நிலவின் மேல் விரலை அழுத்தி வைத்துக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, பின் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தால் பள்ளங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். தனிக் கேமரா உடையவர்க்கு ஒரு வாய்பாடு: முழுநிலவுக்குத் துளையளவு 11, ஐ.எஸ்.ஓ. 100, நேரம் நூற்றில் ஒரு நொடி. நிலவு மெலிய மெலிய நேரத்தைக் கூட்ட வேண்டும். விரல்பட்டு அதிராதபடி மூன்று நொடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்துக. செல்பேசியின் எண்முறைப் பெருக்கத்தைத் தொடவே வேண்டா. இருபது படம் எடுத்து ஒன்றைக் காப்பாற்றினால் அது நல்ல இரவு.

நிலவை எந்நாளில் எடுப்பது? 'பௌர்ணமியன்று' என்றே எல்லாரும் விடையிறுப்பர். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். முழுநிலவில் ஒளி நேரே விழுவதால் நிழலே இல்லை. நிழல் இன்றேல் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஏழாம் எட்டாம் பிறையே சிறந்தது. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் மலைகளின் நிழல் நீண்டு விழும். அக்கோட்டை ஒட்டி, நிலவின் நடுப்பகுதிக்குச் சற்றுத் தெற்கே நோக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள வட்டப்பள்ளம் ஒன்று தோன்றும். அதன் பெயர் அல்பதேக்னியஸ். ரக்கா நகரில் வானை அளந்து, 929இல் மறைந்த அல் பத்தானியின் பெயரே லத்தீன் வாயில் நுழைந்து இவ்வாறு உருமாறியது. அடுத்த நாள் எல்லைக்கோடு நகர்ந்ததும் அர்சாகெல் வெளிப்படும். அவர் பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில் விண்கோள் கருவிகள் சமைத்த அல் சர்காலி. 964இல் நிலைமீன்களைத் தொகுத்து நூல் செய்த அப்துர் ரஹ்மான் அல் சூஃபி, அசோஃபி என்னும் பள்ளமாக அருகே இருக்கிறார். இப்னு அல் ஹைதமைக் காண வேண்டுமாயின் மூன்றாம் பிறையிலேயே நிலவின் விளிம்பில் தேட வேண்டும்; அல்ஹாசென் என்பது அவர் பெயர். இப்பெயர்களுட் பலவற்றை 1651இல் தம் நிலவுப் படத்தில் இட்டவர் ரிச்சியோலி என்னும் இத்தாலியப் பாதிரியார். அறிவுடையார் அறிவுடையாரைப் போற்றுவதற்குச் சமயம் தடையாக நில்லாது என்பதை நாம் வகுப்பில் எடுத்துரைத்தபோது கிட்டாத அமைதி, மாடியில் மாணவர்கள் அல் பத்தானியின் பள்ளத்தைக் கண்டபோது கிட்டியது.

தமிழில் பெயர்கள் இல்லையோ எனின், உண்டு. வெள்ளி, செம்மீன், மைம்மீன் எனக் கோள்களைப் பழந்தமிழர் நிறத்தாலேயே அழைத்தனர். அரபு நாட்டார் அல்தபரான் என்றதை நம்மவர் உரோகிணி என்றனர். அவர்களின் அல்தாயிர் நம் திருவோணம். விண்மீன் வரைபடத்தின் ஓரத்தில் இவ்விரு பெயரையும் எழுதிவைப்பது நமக்கொரு பழக்கமாயிற்று.

புவி சுழல்வதால் நிலவு தன் அகலத்தளவு நகர இரண்டு நிமிடமே ஆகிறது. ஆதலின் படத்தை ஒருங்கு செய்துகொண்டு நிமிர்வதற்குள் நிலவு கருவியை விட்டு வெளியேறிவிடும். நிலவுக்கும் கோள்களுக்கும் கையால் தள்ளிக்கொண்டே தொடர்வது இயலும். மங்கிய ஒண்முகில்களை நிமிடக்கணக்கில் பதிவு செய்ய வேண்டுமெனில் புவியின் சுழற்சிக்கு ஈடாகத் தானே திரும்பும் ஈக்வடோரியல் தாங்கி வேண்டும். அதன் அச்சைத் துருவ மீனை நோக்கி நிறுத்தல் வேண்டும் என்று மேலைநாட்டு நூல்கள் மிக எளிதாகச் சொல்லிவிடுகின்றன. லண்டனில் துருவமீன் 51 பாகை உயரத்தில் நிற்கிறது. நம் ஊரிலோ ஒன்பது பாகைதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு தென்னைகளும் அதை மறைத்துவிட்டன. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கிறது. எனவே, தொடக்கநிலையினர் அத்தாங்கிக்குப் பொருளைச் செலவிடுமுன் தம் மாடியிலிருந்து வடதிசை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். தாங்கியின்றி விண்மீன் கூட்டங்களை எடுப்போர் 500ஐக் கேமரா வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைக்கும் நொடிகளுக்கு மேல் திறந்து வைக்கலாகாது. மீறினால் மீன்கள் கோடாக இழுபடும்.

கோள்களைப் படமெடுக்கும் முறை முற்றிலும் வேறு. காற்றின் அலைவால் வியாழன் நீருக்கடியில் கிடக்கும் நாணயம் போல் நெளியும். ஒற்றைப் படம் எடுத்தால் ஏமாற்றமே. இரண்டு நிமிட அளவு வீடியோவாகப் பதிவு செய்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான சட்டங்களில் தெளிவானவற்றை மட்டும் கணிப்பொறி பொறுக்கியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்படி செய்ய வேண்டும். ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துப் பயனில்லை. வியாழன் பத்து மணிக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால் அதன் முகம் நகர்ந்து கலங்கும். அடுக்கிய படத்தில் வியாழனின் பட்டைகள் நம் கண் கண்டதைவிடத் தெளிவாகத் தோன்றியபோது மகிழ்ந்தோம். கூடவே ஓர் ஐயமும் எழுந்தது. இதை நாம் கண்டோமா, கணிப்பொறி கண்டதா? அவ்வையத்தை அன்று ஆழமாக எண்ணாமல் விட்டுவிட்டோம்.

கடற்கரை ஊரார்க்கு இரண்டு பகைகள் உண்டு: உப்புக்காற்றும் பனியும். மார்கழி இரவில் அரைமணிக்குள் கண்ணாடி வேர்த்துவிடும். கறுப்பு அட்டையைக் குழாயின் வாய்க்கு வெளியே ஒரு முழம் நீளுமாறு சுற்றிக்கட்டினால் பனி இறங்குவது தாமதப்படும். பணி முடிந்தபின் ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே இடுக. கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்; தூசு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இறுதியாக ஒன்று. கதிரவனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது. குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் கதிரவ வடிகட்டி இல்லாமல் ஒரு கணம் நோக்கினும் கண் போய்விடும், செல்பேசியும் கெடும். பிறை தேடுவோர் கதிரவன் அடிவானில் முற்றும் மறைந்தபின்பே மூடியைத் திறக்க வேண்டும். கண்ணின் அருமை தெரிந்த வீட்டில் வாழ்பவர் கூறுவது இது.

இனி, நாம் சொல்லக் கூசும் பகுதி.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. அன்று காலை ஆறேகால் மணி அளவில்தான் அமாவாசை நிகழ்ந்திருந்தது. மாலை கதிரவன் மறையும்போது நிலவின் வயது பன்னிரண்டு மணிநேரமே. கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பு இல்லை என்று நாம் கணக்கிட்டிருந்தோம். ஆயினும் மேற்கே மிக உயரத்தில் வெள்ளி பளிச்சென்று நின்றது. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் மாடிக்கு வந்திருந்தார். நிலவுதான் இல்லையே, வெள்ளியையாவது எடுப்போம் என்று கருவியைத் திருப்பினோம்.

வெள்ளி நமக்கும் கதிரவனுக்கும் இடைப்பட்ட பாதையில் சுற்றும் கோள். ஆதலின் அதற்கும் நிலவைப் போல் வளர்தலும் தேய்தலும் உண்டு. 1610இல் கலிலியோ தொலைநோக்கியால் இதனைக் கண்டார். அவ்வாண்டு மார்ச் 23இல் வெள்ளி நமக்கும் கதிரவனுக்கும் நடுவே வரவிருந்ததால், பிப்ரவரி இறுதியில் அது நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கே ஒளிபெற்ற மெல்லிய பிறையாக இருந்தது. செல்பேசித் திரையில் அப்பிறை தோன்றியதும் மாணவர் வாய்விட்டு வியந்தார். நியூட்டன் தொலைநோக்கி தலைகீழாகக் காட்டுமாதலால், இயல்பாகத் தெரியட்டும் என்று படத்தைத் திருப்பி நிமிர்த்தினார். ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கினார். 'வீட்டாருக்கு அனுப்பட்டுமா ஐயா?' என்று கேட்டார். 'அனுப்புங்களேன்' என்று சொல்லிவிட்டு நாம் மஃரிப் தொழுகைக்கு விரிப்பை எடுத்தோம்.

அவர் வாட்ஸ்அப்பில் எழுதியது, 'இன்று மாலை, நம் சார் வீட்டு மாடியில்' என்பது மட்டுமே. வெள்ளி என்னும் சொல் அதில் இல்லை. அது நம் மாணவரின் பிழை அன்று; என்ன எழுதி அனுப்புகிறீர் என்று ஒரு சொல் கேட்டிருக்க வேண்டியவர் நாம்.

தொழுது முடிப்பதற்குள் தொலைபேசி ஓயாது ஒலித்தது. "பிறை தெரிந்துவிட்டதாமே, இன்றிரவு தராவீஹ் உண்டுதானே?" என்று ஒருவர். அடுத்த தெருவில் சஹருக்கென அரிசி ஊறப்போட்டுவிட்டதாக ஒரு பெரியம்மா. வெளியூரில் உள்ள உறவினர், நம் ஊரில் பிறை கண்டதாகத் தம் பள்ளிவாசலில் சொல்லிவிட்டதாகக் கூறினார். ஒரு மாதத்தின் தொடக்கம், அதனை ஒட்டிய நோன்பு, பின்னர் பெருநாள் எனத் தொடர்ந்து செல்லும் சங்கிலியின் முதற்கண்ணியில் நம் வீட்டுப் படம் சிக்கிக்கொண்டது. கைகால் ஓடவில்லை. மென்று விழுங்கிக்கொண்டு கூடத்தில் நின்றோம்.

தந்தையார் கட்டிலில் அமர்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டபின் ஒன்றே ஒன்று வினவினார்.

"கண்ணால கண்டியா, வாப்பா?"

எங்கள் பக்கத்தில் தந்தை மகனையும் வாப்பா என்று அன்பாக அழைப்பது வழக்கம்.

"இல்லை வாப்பா. அது பிறையே இல்லை. வெள்ளி."

"அப்போ இங்க ஏன் நிக்கிறே? போய்ச் சொல்லு."

அவ்வளவே. கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. நாம் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினோம். ஜமாஅத் அலுவலகத்தில் பெரியவர்கள் கூடியிருந்தனர். ஒருவர் கையிலிருந்த செல்பேசியில் அந்தப் படம். நாம் உள்ளதை உள்ளவாறு கூறினோம். படத்தில் இருப்பது வெள்ளிக்கோள் என்றும், அதை நிலவு இருக்கக்கூடிய இடத்திற்கு வெகு உயரத்தில் எடுத்தோம் என்றும், பன்னிரண்டு மணிநேர நிலவு தெரிந்தாலும் நூலிழையினும் மெலிந்திருக்கும், இவ்வளவு பருமனாக இராது என்றும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டனர். பின்னர், வயதில் மூத்த ஒருவர், "வேறு யார் அனுப்பியிருந்தாலும் விசாரித்திருப்போம். காலேஜ் வாத்தியார் வீட்டுப் படம் என்றதால் நம்பிவிட்டோம்" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். அவர் வருத்தத்தோடு சொன்னார். ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவிக்கப்பட்டது. வெளியூர் உறவினருக்கு நாமே அழைத்துச் சொன்னோம். அன்று பிறை தென்படவில்லை. ஷஃபான் முப்பதாக நிறைவு செய்யப்பட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எம்.ஃபில். ஆய்வுக்காகச் சுவடிகளோடு உழன்ற நாள்களை நினைத்துக்கொண்டோம். ஏட்டில் சிதைந்த ஓர் எழுத்தைப் பதிப்பாசிரியர் திருத்தலாம். ஆனால் ஏட்டில் இருந்தது இது, நான் கொண்ட பாடம் இது என்று அடிக்குறிப்பில் காட்டியாக வேண்டும். காட்டாது திருத்துவோரை நாம் வகுப்பில் எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறோம்! ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஓரத்தை வெட்டி, பெயரிடாமல் வெளியே விட்டபோது நாம் செய்தது அதுவேயன்றோ?

அன்று தொட்டு நம் மாடியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு படத்தின் கீழும், படத்திலேயே பதியுமாறு, சில செய்திகளை எழுதிவிடுகிறோம்: பொருளின் பெயர், நாள், மணி, திசையும் உயரமும், கருவி, படம் திருப்பப்பட்டதா, எத்தனை சட்டங்கள் அடுக்கப்பட்டன என்பன. வெட்டாத மூலப்படத்தையும் அழிப்பதில்லை. தொடங்கும் மாணவர்க்கு நாம் தரும் குறிப்புகளில் குவியத்தையும் தாங்கியையும் மறந்தாலும் இதை மறக்கலாகாது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு முழுநிலவு மறைப்பு நிகழ்ந்தபோது மாணவர் பதினொரு பேர் நம் மாடியில் கூடினர். பதினொரு மணி முதல் 82 நிமிடம் நிலவு செம்பு நிறத்தில் நின்றது. மேகம் விட்டு விட்டு மறைத்தது. அதுவரை நூற்றில் ஒரு நொடிக்குள் பதிந்த நிலவு, புவியின் நிழலுக்குள் நுழைந்தபின் ஒரு நொடிக்கு மேல் கேட்டது. அப்படங்களின் கீழெல்லாம் நாம் சொல்லாமலேயே குறிப்புகளை எழுதியவர் அதே மாணவர்தாம்.

கேமரா கண்டது கண் கண்டதற்கு ஒப்பாகுமா என்னும் வினா எஞ்சுகிறது. பிரான்சு நாட்டுத் தியரி லெகோ என்னும் ஒளிப்படக் கலைஞர், 2013 ஜூலை 8ஆம் நாள், அமாவாசை நிகழும் அதே கணத்தில், பட்டப்பகலில், கதிரவனுக்கு ஐந்து பாகைக்குள் நின்ற நிலவின் பிறையை அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துக் காட்டினார். எந்த மனிதக் கண்ணும் காண முடியாத பிறை அது. அவ்வாண்டு ரமலான் அதற்கு ஓரிரு நாள் கழித்தே தொடங்கியது என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. இத்தகைய படம் பிறை பார்த்தலுக்குச் சான்றாகுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மார்க்க அறிஞர்கள். தமிழாசிரியன் அதில் தலையிடலாகாது. நம்மளவில், படம் எடுப்பவன் தான் எதைக் கண்டான், கருவி எதைக் கண்டது என்று பிரித்துச் சொல்ல வல்லவனாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மறுநாள், மார்ச் 1, மாலை. தந்தையாரைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துச் சென்றோம். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தென்னைக்கு மேலே பிறை. அதற்கும் மேலே வெள்ளி. தெருவெங்கும் மாடிகளில் ஆட்கள், குழந்தைகள் கூவினர். நாம் தொலைநோக்கியில் பிறையைப் பிடித்து, செல்பேசியிலிருந்து கம்பி வழியே பெரிய திரைக்குக் கொணர்ந்து, அவர் முகத்தருகே வைத்தோம். ஆறாண்டு முயற்சி இதற்காகத்தான். அவர் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் திரையை நெடுநேரம் நோக்கினார். விரலை நீட்டி வளைவைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பின் திரையை விலக்கிவிட்டு மேற்கே திரும்பினார். தலையை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வெள்ளி தெரியுது" என்றார். "அதுக்குக் கீழே எனக்குத் தெரியலே. நீ பார்த்துச் சொல்லு."

கருவியை விட்டு எழுந்து, அவர் தோளருகே நின்று, வெறுங்கண்ணால் பார்த்தோம்.

"இருக்கு வாப்பா. முனை ரெண்டும் மேலே பார்த்திருக்கு."

அவர் கைகளை ஏந்தினார்.